‘லாம்’ என்னும் விகுதியும் ஒரு மருந்தும்

சென்ற மாதம் எங்கள் துறை நண்பர் ஒருவர், தம் தங்கைக்கு வலிப்பு நோய்க்காக எழுதித் தரப்பட்டிருந்த மருந்துச் சீட்டைக் காட்டி, “இது கண்ணைப் பாதிக்குமா?” என்று கேட்டார். சீட்டில் இருந்த பெயர் டோப்பிரமேட். அதற்கான விடையை நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வேறொரு மருந்தைப் பற்றியதாக இருந்திருந்தால் நான்கு வாக்கியங்கள் போதா. அந்த மருந்தைப் பற்றி ஏழாண்டுகளாகப் படித்து வருகிறேன், எங்கும் எழுதியதில்லை. நான் மருத்துவம் படித்தவள் அல்லள். அதனோடு எனக்கு ஏற்பட்ட உறவு, ஒரு தாய்க்கும் ஒரு மருத்துவருக்கும் இடையில் நின்று மொழிபெயர்த்தவள் என்ற அளவிலானது. ஆகவே இதில் மருத்துவமும் மொழியும் கலந்தே வரும். நீளமான பதிவு, நேரமிருப்போர் படிக்கவும்.

நண்பருக்குச் சொன்னதை முதலில் இங்கும் சொல்லிவிடுகிறேன். டோப்பிரமேட் உட்கொள்வோரில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், விழியின் உட்படலங்களில் நீர் கோத்து, வில்லை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதனால் திடீரென்று கிட்டப்பார்வை உண்டாகும். கண் அழுத்தமும் ஏறும். இரு கண்களும் ஒருசேரப் பாதிக்கப்படும். 2001இலேயே இது குறித்த எச்சரிக்கை வந்துவிட்டது. வழக்கமான கோண அடைப்புக் கண்ணழுத்த நோய்க்கு லேசரால் துளையிடுவார்கள். இங்கே காரணம் வேறு என்பதால் அது பயன் தராது. மருத்துவரிடம் அன்றே ஓடி, அவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை மீண்டுவிடும். கண்வலியும் மங்கலும் தாமே அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்பது இதில் ஓர் ஆறுதல்.

பழைய மருந்துகள் இன்னும் வெளிப்படையானவை. மைசூருவுக்குத் தென்கிழக்கே யளந்தூர் வட்டாரத்தில் மருத்துவர் கே. எஸ். மணியும் அவர் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று வலிப்பு நோயாளிகளுக்கு மலிவான இரண்டு மருந்துகளைக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் முடிவுகள் 2001இல் லேன்செட் இதழில் வெளிவந்தன. இந்திய நாட்டுப்புறத்தில் வலிப்பு மருத்துவம் எப்படி நடக்கக்கூடும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் பணி அது. அந்த இரண்டில் ஒன்று 1912 முதலும் மற்றொன்று 1938 முதலும் வலிப்புக்குப் பயன்பட்டு வருபவை: பினோபார்பிட்டல், பினிட்டாயின். பினிட்டாயின் அளவு மிகுந்தால் கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கும். மருத்துவர் விரலை ஒரு பக்கமாக நகர்த்தி நோயாளியைப் பார்க்கச் சொல்வது அந்தத் துடிப்பைக் காணத்தான். அளவைக் குறைத்தால் துடிப்பு அடங்கும். இவ்வகை மருந்துகள் கண்ணில் காட்டுவதை ஒரு முறையீடு என்று கொள்ளலாம். கேட்டுத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது.

நான் எழுத வந்த மருந்து முறையிடுவதில்லை. அதன் பெயர் விகபாட்ரின். பெயருக்குள்ளேயே ‘கபா’ என்பது ஒளிந்திருக்கிறது. மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் சுருக்கப் பெயர் அது. அந்தக் கபாவைச் சிதைக்கும் நொதியை மீள முடியாதபடி முடக்குவதே இம்மருந்தின் வேலை. சிதைப்பான் முடங்கியதும் கபா பெருகும், வலிப்பு அடங்கும். பல வலிப்பு மருந்துகள் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டவை. இது இன்ன நொதியை இப்படி முடக்க வேண்டும் என்று திட்டமிட்டு ஆக்கப்பட்டது.

2018 ஆகஸ்டு. என் அக்காள் மகனுக்கு அப்போது ஏழு மாதம். அக்காள் கணவருக்கு நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் வேலை. எங்கள் ஊர் சத்தியமங்கலம். திம்பம் ஏறிக் கடந்தால் கர்நாடகம் என்பதால் மைசூரு எங்களுக்கு அயலூராகத் தோன்றியதே இல்லை. மானசகங்கோத்ரி வளாகத்தில் மொழியியல் முதுகலை பயின்றுகொண்டு அக்காள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். குழந்தை மொழி பற்றிய ஒரு தாளுக்காக அவனுடைய மழலையை வாரம் ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்துவந்தேன். ஒரே அசையை அடுக்கும் மழலை, பாபாபா, தாதாதா என்பது போன்றது, ஆறு ஏழு மாத அளவில் தோன்றும். ஜூலைப் பதிவுகளில் அது நிறையவே இருக்கிறது. ஆகஸ்டு இரண்டாம் வாரப் பதிவில் பத்து நிமிடத்துக்கு ஓர் அடுக்கும் இல்லை. சிணுங்கலும் நீண்ட உயிரொலியும்தான். சிரிப்பும் இல்லை என்பதை இப்போது கேட்கும்போது கவனிக்கிறேன்.

அதே வாரத்தில்தான் அவன் தூங்கி எழுந்ததும் தலையை முன்னே கவிழ்த்து, இரு கைகளையும் விரித்து, நொடியில் மீளத் தொடங்கினான். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து, இருபது முறை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, “சாமி கும்பிடறான் பாரு” என்று மகிழ்ந்தாள். 1841இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் மருத்துவராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் கைக்குழந்தையிடம் இதே அசைவுகளைக் கண்டு, உதவி கேட்டு லேன்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். ‘சலாம் வலிப்பு’ என்ற பெயர் அக்கடிதத்திலேயே வருகிறது. டன்பிரிட்ஜிலும் சத்தியமங்கலத்திலும் கண்ட கண்ணுக்கு அது வணக்கமாகவே தெரிந்திருக்கிறது. வெஸ்டின் மகன் குணமடையவில்லை. நோய்க்குத் தந்தையின் பெயர் நிலைத்தது.

மூளை மின்னலை வரைவில் ஒழுங்கற்ற, உயர்ந்த அலைகள் கண்டன. இவ்வடிவத்துக்குக் கிப்ஸ் இணையர் 1952இல் ஹிப்சரித்மியா என்று பெயரிட்டார்கள். குழந்தையின் முதுகில் இலை வடிவில் இருந்த வெளிர்ந்த திட்டுகளை நாங்கள் தேமல் என்று எண்ணியிருந்தோம். அவையும், காந்த அலைப் படத்தில் மூளையில் தெரிந்த சிறு கட்டிகளும் சேர்ந்து டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்னும் மரபணு நோயைக் காட்டின. நாள் தவறினால் அறிவு வளர்ச்சி பின்னோக்கிப் போகும் வகை வலிப்பு இது. இந்நோயோடு வரும் சலாம் வலிப்புக்கு விகபாட்ரின் அளவுக்குக் கேட்கும் மருந்து வேறில்லை. 1997இல் பிரான்சில் ஷிரோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது: 22 குழந்தைகள், 11 பேருக்கு விகபாட்ரின், 11 பேருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன். இரண்டாம் பிரிவில் 5 பேருக்கு வலிப்பு நின்றது. முதற்பிரிவில் 11 பேருக்கும் நின்றது.

அதே 1997இல்தான் மற்றொரு செய்தியும் வந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஈக், டால்பட், லாடன் ஆகிய மூவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். விகபாட்ரின் உட்கொண்ட மூன்று நோயாளிகளின் பார்வைப் புலம் கடுமையாகச் சுருங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தியும் மீளவில்லை. பிரிட்டனில் அம்மருந்து 1989 முதல் புழக்கத்தில் இருந்தது. எட்டாண்டு காலம் ஆயிரக்கணக்கானோர் உட்கொண்ட மருந்தில் இதைக் காண இவ்வளவு நாள் ஏன் ஆயிற்று என்பதே என்னை இன்றும் நிறுத்திவைக்கும் கேள்வி. அமெரிக்கா 2009இல்தான் இசைவளித்தது, அதுவும் பெட்டி கட்டிய எச்சரிக்கையோடு. உட்கொள்வோரில் 30 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு இப்பாதிப்பு வரக்கூடும் என்கிறது அந்நாட்டு மருந்துக் குறிப்பு.

மருத்துவர் கன்னடத்தில் பேசினார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காளுக்குக் காய்கறிக் கடை அளவுக்குக் கன்னடம் வரும். நான் நடுவில். அவர் சொன்ன இரண்டு முதன்மையான வாக்கியங்களும் ‘பஹுது’ என்றே முடிந்தன: கொடபஹுது, கடிமெயாகபஹுது. தமிழிலும் அப்படியே வந்து விழுந்தன: மருந்து கொடுக்கலாம், பார்வை குறையலாம். இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து உருவானது இவ்விகுதி. செய்யல் ஆம் என்பது செய்யலாம் ஆயிற்று. இசைவையும் நிகழக்கூடுமையையும் ஒரே உருபு சுமக்கிறது. கன்னடத்தின் ‘பஹுது’ம் ஆங்கிலத்தின் ‘மே’யும் அப்படியே. வகுப்பில் இதை மரப்படம் போட்டு விளக்குவோம். அன்று அக்காள் கேட்டாள்: “லாம், லாம்னா எப்படிடி? குறையுமா, குறையாதா?”

மூன்றில் ஒருவருக்கு என்றேன். “அந்த மூணு பேர்ல இவன் எத்தனாவது?” என்றாள். மருத்துவர் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து, எதைக் குறைக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ‘பக்கப் பார்வை’ என்றால் “எந்தப் பக்கம், வலதா இடதா?” என்கிறாள். ‘ஓரக்கண்’ என்றால் பேச்சுத் தமிழில் அது கள்ளப் பார்வை. ‘கடைக்கண்’ இலக்கியத்துக்குரியது, தெய்வமும் காதலியும் அருள் செய்யும் இடம். கண்ணின் விளிம்புக்கென்று இத்தனை சொற்கள் வைத்திருக்கும் மொழியில் எல்லாச் சொற்களும் பார்க்கிறவரின் எண்ணத்தைச் சொல்கின்றன. அந்த விளிம்பில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்ல எதுவும் கைகொடுக்கவில்லை. முடிவில், “நேரா இருக்கறது தெரியும். சுத்துவட்டம் தெரியாமப் போகும். குழாய் வழியாப் பார்க்கற மாதிரி. போனா அது திரும்பாது” என்றேன். படிவத்தில் ‘மீளாதது’ என்ற பொருளுடைய சொல் மூன்று இடங்களில் இருந்தது. அக்காள் குழந்தையைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தாள். “நேராப் பார்த்துக்கட்டும். முதல்ல இவன் வரட்டும்” என்று சொல்லித் தமிழில் கையெழுத்திட்டாள்.

மூளைக்கான மருந்து கண்ணை ஏன் தொடுகிறது என்பதை அப்போது நான் அறியேன். நம் கலைச்சொல் இதற்கு உதவாது என்றே நினைக்கிறேன். ‘விழித்திரை’ என்றதும் படம் விழும் வெள்ளைத் துணிதான் மனத்தில் விரிகிறது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயருக்கு மூலம் வலை என்னும் பொருளுடையது. அது சற்று நெருக்கமானது. கருவில் மூளையிலிருந்தே மொட்டுவிட்டு வெளியே வந்து பின்னிக்கொண்ட நரம்புத் திசு அது. விளிம்பைக் கூர்மையாக்குவது, இயக்கத்தை உணர்வது போன்ற வேலைகளுக்கு அங்கும் கபா வேண்டும். நொதியை முடக்கும் மருந்துக்கு மண்டையோட்டின் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று தெரியாது. விலங்குகளில் பார்த்தபோது மூளையைவிட விழித்திரையில் இம்மருந்து அதிகமாகவே தேங்குகிறது.

2009இல் பாரிசைச் சேர்ந்த குழுவொன்று இன்னொரு கண்ணியைக் காட்டியது. மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் குருதியில் டாரின் என்னும் அமினோ அமிலம் குறைந்தது; ஒளியில் வைத்தவற்றின் விழித்திரை கெட்டது; இருட்டில் வைத்தவை பெருமளவு தப்பின. டாரினைச் சேர்த்துக் கொடுத்தபோது சேதம் ஓரளவு குறைந்தது. மனிதரிடம் டாரின் காக்கும் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. இதை நான் படித்துச் சொன்னதிலிருந்து, அந்த அக்டோபரில் அக்காள் குழந்தையைத் தசரா விளக்குகள் காட்டத் தூக்கிச் செல்லவில்லை. ஊரே அரண்மனை வாசலில் நின்ற மாலைகளில் எங்கள் வீட்டில் சன்னல் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. எலிக்கும் பிள்ளைக்கும் உள்ள தொலைவு அவளுக்கும் தெரியும். செய்யக் கையில் வேறொன்றும் இல்லாத நேரம் அது.

மருந்து 500 மில்லிகிராம் மாத்திரையாக வந்தது. ஒரு மாத்திரையைப் பத்து மில்லி நீரில் கரைத்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் அளந்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். எடைக்கேற்ப அளவு இரண்டு முறை கூட்டப்பட்டது. தொடங்கிய எட்டாம் நாள் காலை அவன் விழித்தபோது தலை கவிழவில்லை. மறுநாளும் இல்லை. மின்னலை வரைவு சில வாரங்களில் தெளிந்தது. அக்டோபர் இறுதிப் பதிவில், நாலாவது நிமிடத்தில், ஒரு ‘த்தா’ இருக்கிறது. அதற்கடுத்த வாரம் அது அடுக்காகிவிட்டது. அந்த ஒலிக்கோப்புகளை நான் என் தாளில் பயன்படுத்தவில்லை; வேறு குழந்தையின் தரவை எடுத்துக்கொண்டேன்.

இடையில் உறவினர் வாயில் நோயின் பழைய பெயர்கள் எல்லாம் வந்தன. கால் கை வலிப்பு என்பது பேச்சில் திரிந்து காக்காய் வலிப்பு ஆகி, பிறகு காக்கைக்கும் நோய்க்கும் கதை கட்டப்பட்டது. சொல் திரிந்தால் கதை பிறக்கும் என்பதற்கு நான் வகுப்பில் தரும் எடுத்துக்காட்டு அது. ஆடவல்லான் காலடியில் கிடக்கும் முயலகனின் பெயரே இந்நோய்க்கும் பெயர். கொல்லி மழவன் மகளின் முயலகனைச் சம்பந்தர் தீர்த்ததாகச் சொல்லப்படும் திருவாசிக் கோயிலுக்கு அம்மா வேண்டிக்கொண்டாள். பிறகு போயும் வந்தோம். இரும்புச் சாவியும் ஒருவர் கொண்டுவந்தார். அக்காள் அதை வாங்கி வாசல் பூட்டோடு வைத்துவிட்டாள்.

இனி, அந்த எட்டாண்டுத் தாமதத்துக்கு வருகிறேன். இம்மருந்தால் வரும் இழப்பு பெரும்பாலும் மூக்கை ஒட்டிய புறத்தில் தொடங்குகிறது. வலக்கண்ணின் மூக்குப்புறம் இழப்பதை இடக்கண்ணின் வெளிப்புறம் பார்த்துக்கொள்கிறது. இடக்கண் இழப்பதை வலக்கண். இரு கண்ணும் திறந்திருக்கும்வரை குறை தெரியாது. நடுப்பார்வை கூர்மையாகவே நிற்பதால் எழுத்தட்டையின் கடைசி வரியையும் படித்துவிடலாம். அது மட்டுமன்று. இழந்த இடத்தில் கருப்பாக எதுவும் தெரிவதில்லை. நம் தலைக்குப் பின்னால் இருப்பது நமக்குக் கருப்பாகவா தெரிகிறது? அதுபோலத்தான். “பார்வை மங்குகிறதா?” என்று கேட்டால் நோயாளி உண்மையாகவே இல்லை என்பார். கதவு நிலையில் தோள் இடிப்பவர், கூட்டத்தில் திடீரென்று முளைக்கும் ஆட்களைக் கண்டு திடுக்கிடுபவர், அதைத் தம் கவனக்குறைவு என்றே சொல்வார். கடைக்கண் என்று நாம் சொல்லும் வெளிக்கோடி இழப்பது பின்னால், இழப்பு முற்றியபோது. கேள்வி கேட்டு அறிய முடியாத ஒன்றை அளந்தே அறிய வேண்டும்.

அதனால்தான் அளவீட்டுக்குக் கால அட்டவணை இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பின்படி, தொடங்கிய நான்கு வாரங்களுக்குள் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறுத்திய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை. பெரியவர்களுக்கு இது எளிது: நெற்றியைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியை நோக்கி, ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இயல்பான கண், வெளிப்புறம் தொண்ணூறு பாகை அளவுக்கும் மூக்குப்புறம் அறுபது பாகை அளவுக்கும் காணும். ஏழு மாதக் குழந்தையிடம் இதை எப்படிச் செய்வது? ஒருவர் எதிரே பொம்மை காட்டி நோக்கை நிறுத்த, மற்றொருவர் பின்னாலிருந்து இன்னொரு பொம்மையை மெல்லக் கொண்டுவருவார். குழந்தை எப்போது திரும்புகிறது என்று பார்ப்பார்கள். மூன்று முறை பெங்களூருக்குக் கொண்டுபோனோம். ஒருமுறை அவன் இரண்டு பொம்மைகளையும் விட்டுவிட்டு மருத்துவரின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மயக்கம் கொடுத்து விழித்திரை மின் ஆய்வு ஒருமுறை செய்தார்கள். சிமிட்டும் ஒளிக்கு வந்த விடை கீழ் எல்லையை ஒட்டி இருந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். பாதிப்பின் வாய்ப்பு, உட்கொண்ட காலமும் மொத்த அளவும் கூடக் கூட ஏறுகிறது. நிறுத்தினால் வலிப்பு திரும்பவும்கூடும். முதல் கையெழுத்தைவிட இந்த முடிவுதான் அக்காளுக்குக் கடினமாக இருந்தது என்று தோன்றுகிறது. முதல்முறை குழந்தையின் துன்பம் கண்முன் இருந்தது. இம்முறை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையிடமிருந்து மருந்தைப் பறிக்க வேண்டியிருந்தது.

சலாம் வலிப்பு திரும்பவில்லை. மூன்றரை வயதில் வேறு வகை வலிப்பு வந்து கார்பமசிப்பைன் தொடங்கினார்கள். அப்போது அவன் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சென்றுகொண்டிருந்தான். ஒரு சொல், மிஞ்சினால் இரு சொல். ஒருநாள் காலை மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் என்னைப் பார்த்து, “ரெண்டு சித்தி” என்றான். எண்ணுப்பெயரையும் பெயரையும் இணைத்து அவன் சொன்ன முதல் தொடர் அது. துள்ளிக் குதிக்க வேண்டியவள் அவன் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். “ஒரு சித்தி” என்றான். கார்பமசிப்பைன் குருதியில் உச்சம் தொடும் வேளைகளில் இப்படி இரட்டைப் பார்வை வருவது அறிந்த செய்திதான். மருத்துவர் அதே அளவை மூன்று வேளையாகப் பிரித்தார். அன்றிலிருந்து சித்தி ஒருத்தியானேன்.

இதற்கிடையே ரெட்டிகாபின் என்ற மருந்தின் கதையும் நடந்து முடிந்திருந்தது. 2011இல் புதிய நம்பிக்கையாக வந்தது. 2013இல் அதை உட்கொண்டோரின் தோலும் உதடும் நீலம் பாய்வதாகவும், விழித்திரையில் நிறமி படிவதாகவும் எச்சரிக்கை வந்தது. 2017இல் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. நீலம் கண்ணாடியில் தெரிந்தது. அதனால் கேள்வி எழுந்தது, விழித்திரையைப் பார்த்தார்கள். விகபாட்ரினுக்கு அப்படி ஒரு நீலம் இருந்திருந்தால் என்று நான் எண்ணுவதுண்டு.

ஒன்றை வருத்தத்தோடு குறிக்க வேண்டும். இம்மருந்தை அதிகம் உட்கொள்ளும் குழந்தைகளில் பலர் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டின் காரணமாக எந்த வயதிலும் பொத்தான் அழுத்தும் ஆய்வைச் செய்ய இயலாதவர்கள். அவர்களுடைய புலம் எவ்வளவு சுருங்கியது என்பது எந்த ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையிலும் ஏறாது. நரம்பிழைப் படலத்தின் தடிமனை ஒளிக்கதிர் கொண்டு சில நொடிகளில் அளக்கும் கருவி இருக்கிறது. அதற்கும் சில நொடி அசையாதிருக்க வேண்டும். எத்தனை குழந்தைகளுக்கு என்று கேட்கும் ஆய்வுகளில் எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட்டு எடுக்கப்பட்ட மொழிக் கணக்கெடுப்பு போன்றது இது.

என் அக்காள் மகன் அந்த வகையில் பேறுபெற்றவன். இவ்வாண்டு மார்ச்சில், ஏழு வயதில், முதன்முறையாகப் புல ஆய்வுக்கு உட்கார்ந்தான். தானியங்கிக் கருவியில் ஒளி வராதபோதும் சத்தம் கேட்டுப் பொத்தானை அழுத்தினான், பயனில்லை. அங்கிருந்த பெண் பொறுமைசாலி. கிண்ணம் போன்ற பழைய கருவிக்கு மாற்றி, ஒளிப்புள்ளியைத் தம் கையாலேயே விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தி, தெரிந்ததும் வாயால் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவன் அவரிடம் “பந்து” என்றான், கன்னடத்தில். உடனே பின்னால் நின்ற அக்காளுக்காக, தலையைத் திருப்பாமல், “வந்துருச்சு” என்றான். ஒரே வேர், வகரம் கன்னடத்தில் பகரம். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. நான் சுவரோரம் நின்று அவன் ‘பந்து’ சொல்லும் கணத்தில் ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்றேன்; அங்கிருந்து தெரியவில்லை.

வரைபடத்தில் வெளிப்புற எல்லை இரு கண்ணிலும் வயதுக்கேற்ற இடத்தில் இருக்கிறது. மூக்குப்புறம் இரு கண்ணிலும் சற்று உள்ளே வந்திருக்கிறது, ஒத்த அளவில். மருந்தின் தடமாக இருக்கலாம், களைத்துப்போன சிறுவனின் முதல் ஆய்வு என்பதாலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அக்காளுக்கு இப்போது கன்னடம் நன்றாக வரும்; ‘இரபஹுது’ இரண்டு முறை வந்ததை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் அவனை நடு வரிசையில் உட்காரவைக்கக் கேட்டிருக்கிறாள், கரும்பலகை முழுவதும் நேரே இருக்கும்படி. செப்டம்பரில் மறுபடி அளக்க வேண்டும்.